புரட்சி என்றால் என்ன? – பகுதி 9: வாக்குச்சீட்டு கொண்டுவந்ததும் கொண்டுவராததும்

கோபாலபுரம் பெரிய இடமில்லை. ஒரு பக்கம் கதீட்ரல் சாலை, இன்னொரு பக்கம் முன்பு லாயிட்ஸ் ரோடாக இருந்து இப்போது ஔவை சண்முகம் சாலையாகிவிட்ட தெரு, நடுவே ஒரு கிரிக்கெட் மைதானம், பள்ளிக்கூடம், சில குறுக்குத் தெருக்கள். இதன் நான்காவது தெருவில் 1955-ல் மு. கருணாநிதி ஒரு வீடு வாங்கினார். 'பராசக்தி' வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் அப்போது சட்டமன்ற உறுப்பினர்கூட இல்லை. அவருடைய கட்சி ஒரு தேர்தலிலும் அதுவரை நின்றதில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1969 பிப்ரவரி 10 அன்று, அந்த வீட்டுக்காரர் தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆனார். ஐந்து முறை அந்தப் பொறுப்பில் இருந்து, 2018 ஆகஸ்ட் 7-ல் மறையும்வரை 'கோபாலபுரம்' என்றாலே தமிழ்நாட்டில் அந்த வீடுதான்.

அந்தத் தெருவிலேயே வேணுகோபால சுவாமி கோயில் இருக்கிறது. கடவுள் மறுப்பை வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த ஒருவர் ஆட்சியில் இருந்தபோதும் அங்கே பூஜை நிற்கவில்லை, மணி ஓயவில்லை. சென்ற பகுதிகளில் பாரிசைப் பார்த்தோம். 1793 நவம்பரில் நோத்ர்தாம் தேவாலயத்தின் உள்ளே பகுத்தறிவுக்கு விழா எடுத்தார்கள்; அதே மாதத்தில் நகரத்தின் தேவாலயங்கள் மூடப்பட்டன. அதோடு ஒப்பிட்டு, கோபாலபுரத்தில் நடந்ததைப் புரட்சி என்று எப்படிச் சொல்வது எனக் கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். கில்லட்டின் இல்லாமல், சிறை உடைப்பு இல்லாமல், வாக்குச்சாவடி வரிசையில் நின்று வாங்கிய ஆட்சி மாற்றத்துக்கு அரசியல் தத்துவத்தில் என்ன இடம்? இந்தப் பகுதி முழுக்க அதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

புரட்சிக்கு எதிராக எழுதியவர்களில் மிகக் கூர்மையானவரிடமிருந்து தொடங்கலாம். அவருக்கும் இந்தப் பகுதிக்கும் எதிர்பாராத ஓர் உறவும் உண்டு. கோபாலபுரத்தின் பக்கத்துப் பேட்டையான ராயப்பேட்டையில் அமீர் மகால் இருக்கிறது. ஆற்காட்டு இளவரசர் குடும்பத்தின் இல்லம். அந்தக் குடும்பத்தின் முன்னோர் நவாப் முகமது அலி வாலாஜா, கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களிடமே கடன் வாங்கிக் குவித்தவர். கடனுக்கு ஈடாகக் கர்நாடகச் சீமையின் நிலவரி வசூலையே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடன்களின் பின்னால் இருந்த ஊழலை 1785 பிப்ரவரி 28 அன்று லண்டன் நாடாளுமன்றத்தில் பிரித்து மேய்ந்தவர் எட்மண்ட் பர்க். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1790-ல், பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து நூல் எழுதி உலகப் புகழ் பெற்ற அதே பர்க்.

ஆற்காடு பற்றிய உரையில் அவர் இந்தச் சீமையின் ஏரிகளை மனமுருகிப் பேசினார். தங்கள் காலத்துக்குப் பின்னும் மக்கள் வாழ வேண்டும் என்று நினைத்த உண்மையான அரசர்களின் வேலை அந்த ஏரிகள் என்றார். 1790-ல் எழுதியதும் ஏறத்தாழ அதே எண்ணம்தான். சமூகம் என்பது இறந்தவர்களும் இருப்பவர்களும் பிறக்கப்போகிறவர்களும் சேர்ந்த கூட்டு. ஒரு தலைமுறை அதைத் தன் இஷ்டத்துக்கு இடித்துவிட உரிமை இல்லை என்பது அவர் வாதம். தாமஸ் பெய்ன் 1791-ல் அதற்குப் பதில் சொன்னார்: இறந்தவர்கள் கல்லறைக்குள்ளிருந்து உயிரோடிருப்பவர்களை ஆள முடியாது. இன்றுவரை புரட்சி பற்றிய விவாதம் இந்த இருவருக்கும் இடையில்தான் போய்வந்துகொண்டிருக்கிறது.

பர்க் போற்றிய அந்த ஏரியில் எல்லோரும் தண்ணீர் மொள்ள முடிந்ததா? அந்தக் கேள்வி அவருக்கு எழவில்லை. எழுப்பியவர் அம்பேத்கர். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான தலித் மக்களை அழைத்துப்போய்த் தண்ணீர் குடிக்க வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் மகாடில் மீண்டும் கூடிய மாநாட்டை, 1789-ல் வெர்சேயில் கூடிய பிரெஞ்சுத் தேசிய சபையோடு அவர் ஒப்பிட்டார். அந்த ஒப்பீட்டை மிகைப்படுத்தலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மன்னனுக்கும் குடிக்கும் இடையிலான உறவை மாற்றியது வெர்சேய். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவை மாற்றக் கூடியது மகாட். இரண்டாவது வேலை கடினமானது என்பதை அவர் அறிந்திருந்தார். 1936-ல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், சமூக, சமயப் புரட்சிகள் முன்னால் நடந்த பிறகே அரசியல் புரட்சிகள் நடந்திருக்கின்றன என்று வரலாற்று உதாரணங்களோடு வாதிட்டார். சந்திரகுப்தனுக்கு முன்னால் புத்தர் வந்தார், சிவாஜிக்கு முன்னால் மராட்டியத்துப் பக்தர்கள் வந்தார்கள் என்பது அவர் கணக்கு. அந்த நூலைத் தமிழில் கொண்டுவந்தவர் பெரியார்.

இதற்கு இன்னும் பழைய வேர் உண்டு. அரிஸ்டாட்டில் தம்முடைய 'அரசியல்' நூலின் ஐந்தாம் புத்தகம் முழுவதையும் ஆட்சிகள் கவிழ்வதற்கான காரணங்களுக்கே ஒதுக்கினார். மக்கள் கிளர்ந்தெழுவது இரண்டு விஷயங்களுக்காக என்று அவர் குறித்தார். ஒன்று ஆதாயம். மற்றொன்று மதிப்பு. பிற்காலத்துப் புரட்சிக் கோட்பாடுகள் பெரும்பாலும் ஆதாயத்தையே பிடித்துக்கொண்டன: கூலி, ரொட்டி, நிலம். மதிப்பு என்ற காரணத்தைத் தன் பெயரிலேயே ஏந்திக்கொண்டு ஓர் இயக்கம் எழுந்தது தமிழ்நாட்டில்தான். 1925 மே 2-ல் ஈரோட்டில் 'குடி அரசு' தொடங்கியபோது பெரியார் கேட்டது சோற்றுக்கு முன்னால் மானத்தை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. கணவனைத் தேர்ந்தெடுக்கவும் விலகவும் உரிமை கேட்டது. கேட்டவர்கள் கையில் அதிகாரம் ஏதும் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சி அசைக்க முடியாததாகத் தோன்றிய காலம் அது.

அப்போதே அவர்கள் செய்யத் தொடங்கிய ஒரு காரியத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

1928 மே மாதம், அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, அக்கினி வலம் இல்லை. சுயமரியாதைத் திருமணங்களில் முதலாவது என்று அதைச் சொல்வது வழக்கம். பின்னர் ஊர் ஊராக நடந்தன. மேடையே மணமேடை, வாழ்த்துரைகளில் பாதி அரசியல் பேச்சு, சுற்றியிருப்பவர்களே சாட்சி. துணிச்சல் வேண்டும். ஏனென்றால் அந்தத் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. 1934-ல் இப்படி நடந்த ஒரு திருமணம் சொத்துரிமை வழக்காகிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1953-ல் வந்த தீர்ப்பு அது செல்லாது என்றது. சாத்திரத்தில் சொன்ன சடங்கும் இல்லை, வழக்காறும் இல்லை; வழக்காறு என்றால் நெடுங்காலம் புழங்கியிருக்க வேண்டும், அண்மையில் ஒரு கூட்டத்தார் உண்டாக்கிக்கொண்ட முறை வழக்காறாகிவிடாது என்பது அதன் சாரம். பர்க் உயிரோடிருந்தால் அந்தத் தீர்ப்பில் தன் குரலைக் கேட்டிருப்பார். இந்தத் தீர்ப்பு எத்தனை வீடுகளில் இடியாக இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மாலை மாற்றிக்கொண்டு இருபது வருடம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு மனைவி என்ற நிலை இல்லை. பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குறி. சுதந்திரம் வந்து ஆறு ஆண்டுகள், அரசமைப்புச் சட்டம் வந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகு இது.

இந்த இடத்தில்தான் ஆட்சி அதிகாரம் எதற்கு என்ற கேள்வி கோட்பாடாக இல்லாமல் ரத்தமும் சதையுமாக வந்து நிற்கிறது. பெரியார் தேர்தலில் நிற்பதில்லை என்று உறுதியாக இருந்தார். அண்ணா 1949-ல் பிரிந்து திமுகவைத் தொடங்கி, 1957-ல் தேர்தலில் இறங்கினார். கருணாநிதி அந்தத் தேர்தலில் குளித்தலையில் வென்றார். 1963-ல், பிரிவினை கேட்கும் கட்சிகளுக்குத் தேர்தல் கதவை மூடும் பதினாறாவது அரசமைப்புத் திருத்தம் வந்தபோது, திராவிட நாடு கோரிக்கையை அண்ணா கைவிட்டார். புதிய அரசை நிறுவுவதே புரட்சியின் உயிர் என்று ஹன்னா அரெண்ட் தம் நூலில் எழுதியதும் அதே 1963-ல்தான். அரெண்டின் அளவுகோலை வைத்தால் திமுக அந்த ஆண்டிலேயே புரட்சிப் பாதையை விட்டு விலகிவிட்டது. தனி அரசு இல்லை, புதிய அரசமைப்பு இல்லை. எஞ்சியது ஒரு மாநிலத்தின் சட்டமன்றம், அதுவும் ஆளுநரும் டில்லியும் தலைக்கு மேல் இருக்கும் சட்டமன்றம்.

அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

1967 பிப்ரவரித் தேர்தல் முடிவுகளைப் பார்த்தவர்கள் புரட்சி என்றே எழுதினார்கள். 234 இடங்களில் திமுக 137. விருதுநகரில் காமராஜர், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். ஆனால் வாக்கு விழுக்காட்டைப் பார்த்தால் வேறு கதை. காங்கிரஸ் 41-ஐத் தாண்டியிருந்தது; திமுக 41-க்குச் சற்றுக் கீழே நின்றது. திமுக குறைந்த இடங்களில் போட்டியிட்டு, மீதியை ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் என்று கூட்டாளிகளுக்கு விட்டிருந்தது. பெரியாரோ காங்கிரசுக்காகப் பிரசாரம் செய்தார். பாஸ்டீல் கோட்டையைப் போல ஒரே பக்கத்தில் மக்களும் மறுபக்கத்தில் மன்னனுமாக நின்ற காட்சி இங்கே இல்லை. தோற்றவரும் ஏழைப் பிள்ளைகளின் தலைவரே.

காமராஜரின் தோல்வியைப் புரிந்துகொள்ள தொக்வில் உதவுகிறார். 1856-ல் வந்த 'பழைய ஆட்சியும் புரட்சியும்' நூலில் அவர் சொன்னது அன்று பலருக்கும் வியப்பாக இருந்தது. மக்கள் மிக மோசமாக நசுக்கப்படும்போது புரட்சி வருவதில்லை. நிலைமை மேம்படத் தொடங்கும்போதுதான் எஞ்சியிருக்கும் சுமை பொறுக்க முடியாததாகிறது. 1954 முதல் 1963 வரை முதல்வராக இருந்த காமராஜர், மூடிய பள்ளிகளைத் திறந்தார், புதிய பள்ளிகளைக் கட்டினார், மதிய உணவு போட்டார். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறிய பிள்ளைகள் 1965-ல் கல்லூரி வாசலில் நின்றார்கள். இந்தி ஆட்சிமொழியானால் தாங்கள் படித்த படிப்புக்கு என்ன பயன் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஜனவரியில் கோடம்பாக்கத்தில் சிவலிங்கமும் விருகம்பாக்கத்தில் அரங்கநாதனும் தீக்குளித்தார்கள். ஊரெங்கும் துப்பாக்கிச் சூடு. பள்ளியைத் தந்தவரைப் பள்ளியில் படித்தவர்கள் தோற்கடித்தார்கள். காமராஜர் மீது எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதை நன்றிகெட்ட செயல் என்று வரலாறு எழுத முடியாது. அவர் திறந்த கதவின் வழியாக வந்தவர்கள் அதற்கடுத்த கதவைத் தட்டினார்கள்.

1967 மார்ச் 6-ல் அண்ணா முதலமைச்சர் ஆனார். சைதாப்பேட்டையில் வென்ற கருணாநிதி பொதுப்பணித் துறை அமைச்சர். அந்த நவம்பரில் சட்டப்பேரவை, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற ஒரு பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தப் பிரிவு சொல்வது இவ்வளவுதான். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரியும் எந்த மொழியிலும், இவரை வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். திருமணம் செல்லும். இதற்கு முன்னால் அப்படி நடந்த திருமணங்களும் செல்லும்.

கடைசி வரிதான் மிகப் பெரிய வரி. 1953 தீர்ப்பால் அந்தரத்தில் விடப்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் அது பழைய தேதியிட்டே மீட்டுக் கொடுத்தது. உலகத்தின் பெரிய புரட்சிகள் எல்லாம் திருமணத்தைத் தொட்டவை. பிரான்சு 1792 செப்டம்பர் 20 அன்று திருமணப் பதிவைத் தேவாலயத்திடமிருந்து எடுத்து நகராட்சியிடம் கொடுத்தது. ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் ஆட்சிக்கு வந்த இரண்டே மாதத்தில், 1917 டிசம்பரில், பதிவுத் திருமணத்துக்கும் மணமுறிவுக்கும் ஆணையிட்டார்கள். இரண்டு இடத்திலும் பாதிரியார் போய் அரசு அதிகாரி வந்தார். தமிழ்நாட்டுச் சட்டம் புரோகிதரையும் கட்டாயமாக்கவில்லை, பதிவாளரையும் கட்டாயமாக்கவில்லை. இரண்டு பேர் சம்மதத்தையும் நாலு பேர் சாட்சியையும் மட்டும் நம்பியது. ஒப்பந்தத்தின் மீது சமூகத்தை நிறுத்த விரும்பிய ஜான் லாக் முதலான தத்துவவாதிகள் ஏட்டில் எழுதியதை இவ்வளவு சுருக்கமாகச் சட்டமாக்கிய இடம் வேறொன்று சொல்வது கடினம். சடங்கோடு மணம் செய்ய விரும்புகிறவர்களை அது தடுக்கவும் இல்லை. வேணுகோபால சுவாமி கோயிலில் மணி ஓயாததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: இன்னொருவர் நம்பிக்கையைப் பறிப்பதில் அந்த அரசியல் இறங்கவில்லை. தன் நம்பிக்கையின்மைக்கும் சட்டத்தில் சம இடம் கேட்டது.

சட்டம் வந்தபின் நடந்ததும் கவனிக்கத் தக்கது. ஏற்கெனவே மணமான ஒருவர் கோயிலில் இரண்டாவது திருமணம் செய்துகொண்டு, சப்தபதி நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே அல்ல என்று வாதிட்டார். 2001-ல் உச்ச நீதிமன்றம் 7-ஏ பிரிவைக் காட்டி, தாலி கட்டியதே போதும், ஆகவே இருதாரக் குற்றம் உண்டு என்றது. முதல் மனைவிக்கு அந்தச் சட்டம் அரணானது. 2023 ஆகஸ்டில், வழக்கறிஞர்கள் முன்னிலையில் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்ற உயர் நீதிமன்றத்தின் பழைய நிலைப்பாட்டையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது. சாதி மாறிக் காதலித்து, ஊருக்குப் பயந்து ஓடிவரும் பிள்ளைகளுக்கு இது உயிர் காக்கும் விஷயம்.

அடுத்து, சோறு.

அரெண்ட் தம் நூலில் பிரெஞ்சுப் புரட்சி கெட்டுப்போனதற்குச் சொன்ன காரணம் பசி. ஏழைகளின் பசி தெருவுக்கு வந்ததும் சுதந்திரம் பற்றிய பேச்சு அடிபட்டுப் போனது. வறுமையை அரசியலால் தீர்க்கப் போனால் பயங்கர ஆட்சியில் முடியும் என்று அவர் அஞ்சினார். மதிக்கத்தக்க அச்சம்தான். ஆனால் தமிழ்நாட்டு அனுபவம் அதோடு ஒத்துப்போகவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று 1967-ல் வாக்குக் கேட்டார்கள். சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போடத் தொடங்கி, கஜானா தாங்காமல் கைவிட வேண்டியதாயிற்று. அன்று அது தோல்வி. ஆனாலும் அரிசியை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மக்கள் மனத்திலிருந்து போகவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர் சத்துணவை விரித்தார். 2008-ல் கருணாநிதி கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி கொடுத்தார். 2011-ல் ஜெயலலிதா அதை விலையில்லா அரிசியாக்கினார். ஒன்றையொன்று கடுமையாக எதிர்த்த இரண்டு கட்சிகளின் இந்த மூன்று தலைவர்களும் இந்த ஒன்றில் பின்வாங்கத் துணியவில்லை. சோற்றுக் கேள்வியை ஒரு கில்லட்டினும் இல்லாமல், ரேஷன் கடை வரிசையில் தேர்தலுக்குத் தேர்தல் தீர்க்க முடிந்திருக்கிறது. அரெண்டைப் படிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆனால் அரெண்ட் சொன்ன இன்னொன்று பலித்தது. அடித்தளம் உன்னுடையதாக இல்லாவிட்டால், கட்டியதை எப்போது வேண்டுமானாலும் பறிக்கலாம் என்பது அவர் வாதத்தின் உட்பொருள். கருணாநிதி அரசு இதை உணராமல் இல்லை. 1969-ல் ராஜமன்னார் குழுவை அமைத்து, 1971-ல் அறிக்கை பெற்று, 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானத்தைப் பேரவையில் நிறைவேற்றியது. இரண்டு மாதம் கழித்துப் பாட்னா காந்தி மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முழுப் புரட்சிக்கு அறைகூவல் விட்டார். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. ஜூன் 27-ல் திமுக செயற்குழு அதைக் கண்டித்தது. நாடே வாயடைத்திருந்த நேரத்தில் ஆளுங்கட்சி ஒன்று அப்படிச் செய்தது சாதாரண விஷயமல்ல.

விலை என்ன என்பது 1976 ஜனவரி 31 அன்று தெரிந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 356-வது பிரிவின்கீழ் ஆட்சி கலைக்கப்பட்டது. கோபாலபுரம் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. தேடிவந்தது மு.க. ஸ்டாலினை. அவர் வெளியூரில் இருந்தார். திரும்பியதும் மிசாவில் கைதானார். சென்னை மத்திய சிறையில் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள்; முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தக் காயங்களிலிருந்து மீளவில்லை. பத்திரிகைத் தணிக்கை இருந்ததால் யார் யார் கைது என்று எழுத முடியாது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்று 'முரசொலி'யில், அண்ணா சதுக்கத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்டவாரியாக ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. தணிக்கை அதிகாரி பார்த்தால் அஞ்சலிச் செய்தி. கட்சிக்காரர் பார்த்தால் சிறைக் கணக்கு. நாள் முழுதும் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் அந்தப் பட்டியலில் சொந்தக்காரர் பெயரைத் தேடியவர்கள் உண்டு.

நாற்பது ஆண்டு இயக்கம் கட்டிய ஆட்சியை டில்லியில் இட்ட ஒரு கையெழுத்து முடித்துவைத்தது. ஆனால் 7-ஏ பிரிவை யாரும் தொடவில்லை. 1977-ல் வந்த ஆட்சியும் தொடவில்லை, அதற்குப் பின் வந்தவையும் தொடவில்லை. ஆட்சி கவிழ்ந்தாலும் உறவு பழையபடி திரும்பவில்லை. புரட்சி எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை இல்லை: எதை எதிரியாலும் திருப்ப முடியவில்லையோ அங்கே அது நடந்திருக்கிறது.

இந்தச் சோதனையைக் கொண்டு மற்றவற்றையும் பார்க்கலாம். செங்கல்பட்டு மாநாடு 1929-ல் கேட்ட பெண் சொத்துரிமை, 1989-ல் கருணாநிதி ஆட்சியில் சட்டமாயிற்று. பரம்பரைச் சொத்தில் மகளும் மகனைப் போலப் பங்காளி. அந்தச் சட்டம் வருவதற்குள் திருமணமாகிவிட்ட பெண்களுக்கு அது பொருந்தவில்லை என்பது பெரிய குறை. 2005-ல் நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் சட்டம் செய்தபோது அந்தக் குறை நீங்கியது. திரும்பிப் போகவில்லை, மேலே போயிற்று. கருவறைக்குள் நுழையும் உரிமை இன்னும் நீண்ட வழக்கு. பரம்பரை அர்ச்சகர் நியமனத்தை ஒழித்துச் சட்டம் செய்தது 1970-ல். 1972-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டே ஆகமம் என்ற பூட்டைப் போட்டது. 2006-ல் மறுபடி ஆணை, பயிற்சிப் பள்ளிகள், மறுபடி வழக்கு, 2015-ல் தீர்ப்பு. 2021 ஆகஸ்ட் 14 அன்று, வெவ்வேறு சாதிகளிலிருந்து வந்து பயிற்சி முடித்த 24 பேருக்கு அர்ச்சகர் நியமன ஆணை கிடைத்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல். வழக்குகள் இன்னும் ஓயவில்லை. இதை நடந்துகொண்டிருக்கும் புரட்சி என்று மட்டுமே சொல்ல முடியும்.

நிலத்துக்கு வரும்போது சொல் தடுமாறுகிறது.

1968 டிசம்பர் 25 இரவு. சுயமரியாதைத் திருமணச் சட்டம் வந்து ஓராண்டு ஆகவில்லை. முதலமைச்சர் அண்ணா நியூயார்க்கில் புற்றுநோய் சிகிச்சை முடிந்து திரும்பி, மெலிந்திருந்தார். கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணியில், கூடுதல் கூலி நெல் கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்த தலித் விவசாயக் கூலிகளை மிராசுதார் தரப்பு தாக்கியது. ஒரு சிறு குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களை உள்ளே வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களைப் பின்னர் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

மானத்தின் பெயரால் வந்த ஆட்சியில் இது நடந்தது. அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970-ல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15-ஆகக் குறைக்கப்பட்டது. 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டம், கூலிக்காரர் குடிசை நின்ற மனையை அவருக்கே சொந்தமாக்கியது. அதன் அருமை கீழத்தஞ்சைக்காரர்களுக்குத்தான் தெரியும். அதுவரை கூலி உயர்த்திக் கேட்டால், மிராசுதார் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம்; மண் அவருடையது. மனை சொந்தமான பிறகு அந்த மிரட்டல் செல்லாது. கையகல மனைதான். ஆனாலும் நிமிர்ந்து பேச ஓர் இடம்.

வயல் கைமாறவில்லை. உச்சவரம்புச் சட்டத்தில் விலக்குகள் நிறைய இருந்தன. குடும்பத்தார் பெயரிலும் அறக்கட்டளை பெயரிலும் நிலம் பிரிந்து ஒளிந்தது. கேரளத்தில் 1970-ல் குத்தகைதாரர்களுக்கு நில உரிமை போனதைப் போல, மேற்கு வங்கத்தில் 1978-க்குப் பின் பங்குச் சாகுபடியாளர்கள் பதிவானதைப் போல, தமிழ்நாட்டில் ஒன்று நடக்கவில்லை. இடைநிலைச் சாதிகளின் தோளில் ஏறி வந்த ஆட்சி, அந்தச் சாதிகளில் நிலம் வைத்திருந்தவர்களின் வரப்பைத் தாண்டத் தயங்கியது. தயக்கத்தின் சுமையைத் தலித் மக்கள் சுமந்தார்கள், இன்றும் சுமக்கிறார்கள். சாதி மாறி மணந்ததற்காக 7-ஏ பிரிவின் பாதுகாப்பு இருந்தும் பிள்ளைகள் வெட்டிக் கொல்லப்படுவது, அந்த வரப்பு இன்னும் இருக்கும் ஊர்களில்தான்.

ஆக, தமிழ்நாட்டில் நடந்தது புரட்சியா? மணமேடையிலும் மகளின் சொத்துப் பங்கிலும் ரேஷன் கடையிலும் நடந்ததைத் தயங்காமல் புரட்சி என்று சொல்லலாம். அரிஸ்டாட்டில் சொன்ன மதிப்பு என்ற காரணத்துக்காக எழுந்து, எதிரியாலும் திருப்ப முடியாத இடத்தில் அது நிலைகொண்டுவிட்டது. கருவறையில் வழக்கு நடக்கிறது. நிலத்தில் அது நடக்கவில்லை.

அடுத்த பகுதியில் கோபாலபுரத்தை விட்டுக் கீழத்தஞ்சைக்குப் போகிறோம். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பி. சீனிவாசராவ் 1940-களில் கட்டிய விவசாயச் சங்கத்திலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது.

(தொடரும்)